பழைய டிராக்டர்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் மாத்துறது: ஸ்டட் முறியாம கழட்டி, திரும்ப ஊதாம மாட்டுறதுக்கு

மாஸி 1035, மஹிந்திரா பி-275, ஃபோர்டு 3600, எச்எம்டி மாதிரி பழைய வண்டியை இன்னும் வயல்ல ஓட்டிக்கிட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதுறேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுன்னா இன்ஜின் ஹெட்டுல (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கற பாகம்) இருந்து வர்ற புகையைச் சேத்து சைலன்சருக்கு அனுப்புற வார்ப்பு இரும்புக் குழாய், ரெண்டுக்கும் நடுவுல புகை கசியாம அடைக்கறதுதான் பேக்கிங், ஹெட்டுல நீட்டிக்கிட்டு நட்டைத் தாங்கற மரை போட்ட கம்பிதான் ஸ்டட், அந்த ஜாயிண்ட்ல புகை கசியறதைத்தான் ஊதுறதுன்னு சொல்றோம். மேனிஃபோல்டு பேக்கிங் தன்னால போறது ரொம்ப அபூர்வம். நட்டு லூசாகி இருக்கும், இல்லாட்டி மேனிஃபோல்டு வளைஞ்சிருக்கும், இல்லாட்டி சைலன்சர் ஆடி ஆடி இழுத்திருக்கும். இந்த மூணுல எதுன்னு பாக்காம புது பேக்கிங்கை மட்டும் வச்சு முறுக்கிட்டுப் போனா அடுத்த நடவுக்குள்ள மறுபடியும் அதே சத்தம், மறுபடியும் அதே கரி. பேக்கிங் விலை சில நூறு ரூபாய்தான், ஆனா கழட்டும்போது ஒரு ஸ்டட் முறிஞ்சா ஆகுற செலவும் நாளும்தான் பெருசு, அதனால நான் கழட்டுறதைப் பத்திதான் அதிகமா சொல்லப்போறேன், மாட்டுறது அதுல பாதி வேலைதான்.

முதல்ல நிஜமாவே மேனிஃபோல்டு பேக்கிங்தானான்னு உறுதி பண்ணிக்கங்க. டிக் டிக்னு சத்தம் கேட்ட உடனே முடிவு பண்ணிடாதீங்க, டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தட்டுற ராக்கருக்கும் நடுவுல விடற இடைவெளி) கூடிப்போனாலும் அப்படித்தான் கேக்கும், இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சற பாகம்) அடியில இருக்கற செம்பு வாஷர் ஊதினாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். டேப்பெட் சத்தம் லோடு ஏறினாலும் பெருசா மாறாது. மேனிஃபோல்டு ஊதுற சத்தம் கலப்பை மண்ணுல இறங்குன உடனே கூடும், காலையில பச்சையா ஸ்டார்ட் பண்ணும்போது நல்லா கேக்கும், இரும்பு சூடாகி விரிஞ்ச பிறகு கொஞ்சம் அடங்கவும் செய்யும். இன்ஜெக்டரா இருந்தா அதோட அடிப்பகுதியைச் சுத்தி கருப்பா ஈரமா பிசுக்கு நிக்கும், அங்க ரெண்டு சொட்டு டீசல் விட்டுப் பாத்தா குமிழி வரும். மேனிஃபோல்டுன்னா ஹெட்டும் மேனிஃபோல்டும் சேர்ற இடத்துல காஞ்ச கரி, விசிறி மாதிரி விரிஞ்சு படிஞ்சிருக்கும், எந்த போர்ட்டுல (ஹெட்டுல புகை வெளிய வர்ற ஓட்டை) ஊதுதோ அங்கிருந்துதான் அது கிளம்பும்.

இன்னும் சந்தேகம்னா ஒரு ஊதுபத்தி போதும். காலையில இன்ஜின் சுத்தமா ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டுட்டு, முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஊதுபத்தியை ஜாயிண்ட் ஓரமா மெதுவா நகத்துங்க, ஊதுற இடம் வந்ததும் புகை துடிச்சு வெளிய தள்ளும். டீசல் ஒழுகுற வண்டியில இதைப் பண்ண வேணாம், முதல்ல அந்த ஒழுகலை நிறுத்துங்க. சைலன்சர் பைப் மேனிஃபோல்டோட சேர்ற ஃபிளாஞ்சையும் (போல்ட் போட்டு இணைக்கற தட்டை விளிம்பு) அப்படியே ஒரு சுத்து பாத்துடுங்க, ஏன்னா பல வண்டியில ஊதுறது அங்கதான், அது மட்டும்னா மேனிஃபோல்டைத் தொடவே வேணாம்.

சத்தம்தானே, அறுப்பு முடியட்டும்னு விட்டுடறவங்க நிறைய பேர். டர்போ இல்லாத இன்ஜின்ல இழுவை பெருசா குறையாததால யாரும் கண்டுக்கறது இல்ல. ஆனா முழு லோடுல ஒரு டீசல் இன்ஜினோட மேனிஃபோல்டுக்குள்ள 500, 600 டிகிரி வரைக்கும் சூடு போகும், அந்தக் காத்து ஒரு சின்னச் சந்து வழியா சீறிக்கிட்டு வந்தா பக்கத்துல போற வயர், இன்ஜெக்டர் ரிட்டர்ன் பைப் எல்லாம் கருகும். கதிரடிக்கிற களத்துலயோ வைக்கோல் கட்டுற இடத்துலயோ இன்ஜின் மேல தூசியும் வைக்கோலும் படிஞ்சு கிடக்கும், அங்க இப்படி ஊதுற வண்டியைக் கொண்டு போய் நிறுத்தறது நெருப்போட விளையாடுறதுதான். அது போக, ரொம்ப நாள் ஊத விட்டா சூடான காத்து இரும்பையே அரிச்சு ஹெட் முகத்துல பள்ளம் போட்டுரும், அப்புறம் பேக்கிங் மாத்துற வேலை ஹெட்டை இறக்குற வேலையாயிடும்.

சாமான் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்பேனர் விஷயத்தைப் பேசிடலாம், ஏன்னா பாதி ஸ்டட் இங்கதான் கெட்டுப்போகுது. மாஸி, ஃபோர்டு, பி-275 எல்லாம் மூலத்துல அங்குல அளவுல பொறந்த டிசைன். 3/8 அங்குல ஸ்டட்டுக்கு நட்டு அளவு 9/16, அதாவது 14.3 மில்லி, 14 ஸ்பேனர் உள்ள போகாது, 15 போட்டா ஆடும். 5/16 ஸ்டட்டுக்கு நட்டு 1/2 அங்குலம், 12.7 மில்லி, அதுல 13 போகும், ஆனா துருப்பிடிச்சு ஓரம் தேஞ்ச நட்டுல 13 போட்டு இழுத்தா முனை மழுங்கிடும். அதனால அங்குல அளவு பாக்ஸ் ஸ்பேனர், அதுவும் பன்னெண்டு முனை வேணாம், ஆறு முனை உள்ளதா ரெண்டே ரெண்டு வாங்கி வச்சுக்கங்க. எச்எம்டி மாதிரி செட்டார்ங்கற செக் நாட்டு கம்பெனி டிசைன் வழி வந்த வண்டிகள் மில்லி அளவு. முன்னாடி யாராவது கை வச்ச வண்டின்னா ரெண்டும் கலந்து கிடக்கும், ஒவ்வொரு நட்டா போட்டுப் பாத்துதான் இழுக்கணும்.

பேக்கிங் வாங்கும்போது இன்ஜின் நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்துட்டுப் போங்க, வண்டி பேரை மட்டும் சொன்னா ஒரே மாடல்ல வேற இன்ஜினோட பேக்கிங்கைக் கையில குடுத்துருவாங்க. எச்எம்டி டிராக்டர் பிரிவை மூட 2016ல முடிவு பண்ணிட்டாங்க, அந்த வண்டிக்கு வெளி கம்பெனி சாமான்தான் கிடைக்கும், அதனால பழசை கழட்டி பக்கத்துல வச்சு ஓட்டை ஓட்டையா ஒப்பிட்டுப் பாத்துட்டுதான் காசு குடுக்கணும். கூடவே புது ஸ்டட் ஒரு செட், பித்தளை நட்டு, தடிமனான பிளெய்ன் வாஷர், காப்பர் ஆன்டி சீஸ் பேஸ்ட் (மரை துருப்பிடிச்சு இறுகாம இருக்க), துரு ஸ்ப்ரே. நைலாக் நட்டு வாங்காதீங்க, உள்ள இருக்கற நைலான் முதல் நாளே உருகிரும். ஸ்பிரிங் வாஷரும் அந்தச் சூட்டுல விறைப்பு போய் வெறும் தகடாயிடும், போட்டும் பிரயோஜனம் இல்ல.

கழட்டுறதுக்கு முந்தின நாள் சாயங்காலமே வேலையை ஆரம்பிச்சுடுங்க. வயர் பிரஷ்ஷால ஸ்டட்டுல வெளிய தெரியற மரையை நல்லா தேய்ச்சு துருவை உதிர்த்துடுங்க, இதைச் செய்யாம நட்டைத் திருப்பினா அந்தத் துருவே நட்டுக்குள்ள போய் இறுகிக்கும். அப்புறம் துரு ஸ்ப்ரே அடிச்சு, நட்டு தலையில சின்ன சுத்தியால லேசா நாலு தட்டு தட்டி, ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காலையில இன்னொரு தடவை அடிங்க. ஸ்ப்ரே அடிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல கழட்டப் பாக்கறதுக்கு அடிக்காமலே இருக்கலாம்.

காலையில வண்டியைத் திறந்த இடத்துல நிறுத்தி, பேட்டரி எர்த்தைக் கழட்டிட்டு, பானெட்டை எடுத்துட்டு, சைலன்சரை முதல்ல இறக்கிடுங்க. அதோட பாரம் மேனிஃபோல்டுல தொங்கிக்கிட்டு இருக்கும்போது நட்டைக் கழட்டினா கடைசி ஸ்டட் வளையும். இப்ப நட்டு. ராட்செட் வேணாம், டீ பாரோ ரிங் ஸ்பேனரோ போடுங்க, கை உணர்வு முக்கியம். முதல்ல முறுக்கற பக்கமே ஒரு நூல் அளவு, அப்புறம் கழட்டற பக்கம் கொஞ்சம். டக்குனு ஒரு சத்தத்தோட விட்டுக்குடுத்தா நல்லது, துரு உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம ரப்பர் மாதிரி மெத்துனு திரும்பினா உடனே நிறுத்துங்க, நட்டு திரும்பல, ஸ்டட் முறுக்கிக்கிட்டு இருக்கு, இன்னும் கால் சுத்து போனா முறிஞ்சுடும். அந்த இடத்துல கையை எடுக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் ஸ்டட் முழுசா வரும். திரும்பின நட்டையும் ஒரேயடியா வெளிய இழுக்காதீங்க, அரை சுத்து வெளிய, கால் சுத்து உள்ள, நடுவுல கொஞ்சம் ஸ்ப்ரே, இப்படியே கொண்டு வாங்க.

அப்படியும் வரலைன்னா சூடுதான். ஆனா மாஸி மாதிரி வண்டிகள்ல டீசல் டேங்க் பானெட்டுக்குள்ள இன்ஜினுக்கு மேலயே உக்காந்திருக்கு, கேஸ் டார்ச்சைக் கீழ காட்டுறதுக்கு முன்னாடி டேங்க்கை இறக்கி தூரமா வச்சுடுங்க, அடிச்ச ஸ்ப்ரேயையும் டீசல் பிசுக்கையும் துடைச்சுடுங்க, ஒரு வாளி மணலைப் பக்கத்துல வச்சுக்கங்க. நட்டை மட்டும் சுத்திச் சுத்தி சூடாக்குங்க, ஸ்டட்டை இல்ல. நட்டு நல்லா சூடானதும் டார்ச்சைத் தள்ளி வச்சுட்டு ஒரு மெழுகுவர்த்தியை மரையில தேய்ச்சா மெழுகு உருகி உள்ள இறங்கும், அந்தச் சூட்டோட திருப்புங்க. இதுக்கும் மசியாத நட்டை நட்டு ஸ்ப்ளிட்டர் வச்சோ, கூரான உளியால ஒரு பக்கத்துல வெட்டியோ பிளந்துடறதுதான் புத்திசாலித்தனம். நட்டு போனா பத்து ரூபா, ஸ்டட் உள்ள முறிஞ்சா லேத் பட்டறை.

முறிஞ்சே போச்சுன்னா பதறாதீங்க, உடனே டிரில் பண்ணவும் கிளம்பாதீங்க. கொஞ்சமாவது வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா மேனிஃபோல்டை எடுத்த பிறகு அது மேல ஒரு நட்டை வச்சு உள்பக்கமா வெல்ட் பண்ணச் சொல்லுங்க, வெல்டிங் சூடே துருவை உடைச்சுக் குடுக்கும், சிவப்பு மறைஞ்சதும் ஸ்பேனர் போட்டு மெதுவா ஆட்டினா பெரும்பாலும் வந்துடும். வெல்டிங் பண்ணும்போது ஆல்டர்னேட்டர் வயரையும் கழட்டி வைங்க, எர்த்தை முறிஞ்ச ஸ்டட்டுக்குப் பக்கத்துலயே பிடிங்க. ஹெட்டோட சமமா முறிஞ்சிருந்தா மட்டும்தான் டிரில், அதுவும் நட்ட நடுவுல சென்டர் பஞ்ச் அடிச்சு 3 மில்லி பிட்டுல ஆரம்பிச்சு. நடு தவறினா ஹெட்டோட மரை போயிடும். ஈசி அவுட்டை (டிரில் பண்ணின ஓட்டையில விட்டு முறிஞ்ச ஸ்டட்டைத் திருப்பி எடுக்கற கருவி) ரொம்ப முறுக்கி அது உள்ள முறிஞ்சா நிலைமை இன்னும் மோசம், அந்த இரும்பு மேல சாதா டிரில் பிட் ஏறாது. ஹெட்டை டிரில் பண்ணி பழக்கம் இல்லாதவங்க இந்த இடத்துல லேத்துக்காரரைக் கூப்பிட்டுடுங்க, மரை போயிருந்தா ஹெலிகாயில் (புது மரை குடுக்கற கம்பிச் சுருள்) போட்டுக் குடுத்துடுவாரு.

இன்னொண்ணு, சில இன்ஜின்ல ஒண்ணு ரெண்டு ஸ்டட் ஓட்டை வாட்டர் ஜாக்கெட் (இன்ஜினுக்குள்ள தண்ணி ஓடற அறை) வரைக்கும் போகும். ஸ்டட்டைக் கழட்டும்போது ரேடியேட்டர் தண்ணி கசிஞ்சா அதுதான், ரேடியேட்டர்ல கொஞ்சம் தண்ணியை வடிச்சுட்டு, திரும்ப மாட்டும்போது அந்த ஸ்டட்டோட ஹெட் பக்க மரையில மட்டும் த்ரெட் சீலன்ட் தடவிடுங்க.

மேனிஃபோல்டு வெளிய வந்ததும் முதல் வேலை ஹெட்டுல இருக்கற போர்ட்டுகளை கெட்டியான துணியால அடைக்கறது, நூல் பிரியற காட்டன் வேஸ்ட் வேணாம். ஏதாவது ஒரு எக்ஸாஸ்ட் வால்வு திறந்துதான் இருக்கும், சுரண்டுற துண்டு அது வழியா சிலிண்டருக்குள்ள போனா பிஸ்டன் தலையைக் கெடுத்துரும். எத்தனை துணி வச்சீங்கன்னு மட்கார்டு மேல சாக்பீஸ்ல எழுதி வைங்க. பழைய பேக்கிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு, மழுங்கின புட்டி பிளேடால சுரண்டுங்க. கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டி அடிச்சா அந்தத் தூசி முழுக்க நம்ம நுரையீரலுக்குத்தான் போகும், ஹெட் முகமும் பள்ளமாகும். சுரண்டினதை ஒரு கவர்ல போட்டுக் கட்டிடுங்க, வாயால ஊதித் தள்ளாதீங்க.

இப்ப வர்றதுதான் நிறைய பேர் விட்டுடற வேலை. சுத்தம் பண்ணின மேனிஃபோல்டு முகத்துல ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேலையோ, லேத் பட்டறை நேர்க்கட்டையையோ எல்லா போர்ட்டும் சேர்ற மாதிரி நீளவாக்குல வச்சு அடியில ஃபீலர் கேஜ் (சந்து அளக்கற மெல்லிசு தகடு) விட்டுப் பாருங்க. 0.10 மில்லி போகலைன்னா அருமை. 0.20 மில்லி தாராளமா போகுதுன்னா வளைஞ்சிருக்கு, பேக்கிங் அதைச் சமாளிக்காது. நம்ம டெல்டா பக்கம் இது அதிகமா வர்றதுக்குக் காரணம் சேத்து உழவு, கேஜ் வீல் (சேத்துல போடற இரும்புச் சக்கரம்) போட்டு மணிக்கணக்கா லோடுல ஓடி மேனிஃபோல்டு கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது சேத்துத் தண்ணி தெறிச்சு மேல விழும், ஒரு பக்கம் மட்டும் சட்டுனு குளிர்ந்தா வார்ப்பு இரும்பு வளையும், சமயத்துல விரிசலும் விடும். வேலை முடிஞ்ச சூட்டோட பம்ப்செட் தண்ணியைப் பீய்ச்சி இன்ஜினைக் கழுவுறதும் அதே கெடுதல்தான்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மேனிஃபோல்டை மண்ணெண்ணெய்ல நல்லா நனைச்சு, வெளிய துடைச்சுட்டு, சாக்பீஸ் தூளைத் தடவி வெயில்ல வைங்க, விரிசல் இருந்தா உள்ள இறங்கின மண்ணெண்ணெய் திரும்பக் கசிஞ்சு வெள்ளைத் தூள்ல ஒரு கோடா தெரியும். விரிசல் விட்ட மேனிஃபோல்டை சாதா ராடு வச்சு வெல்ட் பண்றது வேலைக்கு ஆகாது, வெல்டுக்குப் பக்கத்துலயே திரும்ப விடும், வேற மேனிஃபோல்டு வாங்கறதுதான் வழி. வளைவு மட்டும்னா லேத்துல ஃபேசிங் (முகத்தைச் சீவிச் சமமாக்கறது) போட்டுக் குடுப்பாங்க, எல்லா போர்ட்டும் ஒரே செட்டிங்ல வரணும்னு சொல்லிடுங்க. போர்ட் போர்ட்டா அரம் போட்டுத் தேய்க்க விடாதீங்க. ஹெட் பக்கமும் ஸ்கேல் வச்சுப் பாத்துடுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி ஸ்டட் ஓட்டையில டேப் விட்டு மரையைச் சுத்தம் பண்ணுங்க. பழைய ஸ்டட் மெலிஞ்சிருந்தாலோ மரை இழுபட்டிருந்தாலோ யோசிக்காம புதுசு போடுங்க, ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல விக்கிற சாதா த்ரெட் ராடை வெட்டிப் போடாதீங்க, அது இழுவை தாங்காது. துணியை எல்லாம் எண்ணி எடுத்துடுங்க. பேக்கிங்கை ஸ்டட்டுல மாட்டி எந்த போர்ட் ஓட்டையையும் அது மறைக்கலைன்னு பாருங்க, ஒரு பக்கம் மட்டும் தகடு இருக்கற பேக்கிங்னா பொதுவா தகடு மேனிஃபோல்டைப் பாத்து இருக்கணும், பாக்கெட்டுல வேற மாதிரி போட்டிருந்தா அதுபடி செய்ங்க.

சிலிக்கான் பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவிக்கலாமான்னு கேப்பாங்க. வேணாம். சிவப்பு சிலிக்கான்கூட 300 டிகிரிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும்தான் தாங்கும், இந்த இடத்துல கருகி உதிர்ந்து, அது இருந்த இடம் சந்தாகி நட்டும் லூசாயிடும். எம்-சீல் வச்சு வெளியில அடைக்கிறதும் அப்படித்தான். முகம் சமமா இருந்தா பேக்கிங்கைக் காய்ஞ்ச மேனிக்கே போடறதுதான் சரி. இதுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பு இரும்பு மேனிஃபோல்டு 450 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 2 மில்லி நீளும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் அது பேக்கிங் மேல வழுக்கி நகர்ந்துதான் ஆகணும், மேனிஃபோல்டு ஓட்டையை ஸ்டட்டை விடக் கொஞ்சம் பெருசா வச்சிருக்கறதே அதுக்குத்தான். அதனாலதான் முறுக்கறதையும் நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ரெண்டு ஓரத்துக்கும் மாத்தி மாத்திப் போகணும், ஓரத்தை முதல்ல இறுக்கினா நடுவுல இருக்கற போர்ட் தூக்கிக்கும்.

மரையில காப்பர் பேஸ்ட் லேசா தடவி, எல்லா நட்டையும் கையாலயே உக்கார வச்சுட்டு, மூணு சுத்தா இறுக்குங்க. உங்க வண்டி மேனுவல்ல டார்க் (நட்டை எவ்வளவு பலத்துல முறுக்கணுங்கற அளவு) கணக்கு இருந்தா அதுதான் கடைசி வார்த்தை. இல்லாதவங்களுக்கு ஒரு பொதுக் கணக்கு, 5/16 அல்லது 8 மில்லி ஸ்டட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் சுமார், 3/8 அல்லது 10 மில்லிக்கு 30, 35. பேஸ்ட் தடவின மரையில அதே டார்க்குக்கே இறுக்கம் கூடுதலா ஏறும், அதனால இதுக்கு மேல போகாதீங்க. டார்க் ரெஞ்ச் இல்லைன்னா சின்ன ரிங் ஸ்பேனரை ஒரு கையால பிடிச்சு இறுக்கற அளவு போதும், ஸ்பேனர் பின்னாடி பைப் சொருகிற வேலையே கூடாது.

சைலன்சரை மாட்டும்போது ஃபிளாஞ்ச் பேக்கிங்கும் புதுசு போடுங்க, நட்டை முழுசா இறுக்கறதுக்கு முன்னாடி சைலன்சர் பிராக்கெட் இருக்கான்னு பாருங்க. பழைய வண்டிகள்ல அது உடைஞ்சு எப்பவோ காணாம போயிருக்கும், அந்தப் பாரம் முழுக்க மேனிஃபோல்டுல ஆடும், வரப்பு ஏறி இறங்கறப்ப எல்லாம் ஓரத்து ஸ்டட்டை நெம்பும். ஒரு தகடு பட்டை வளைச்சு கிளாம்ப் போட்டு சைலன்சரை உறுதியான இடத்துல பிடிச்சுடுங்க, இதைப் பண்ணாம விட்டா மேல சொன்ன அத்தனை வேலையும் வீண்.

ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் புகையும், அது நம்ம தடவின பேஸ்ட்டும் ஸ்ப்ரேயும் எரியறது, பயப்பட வேணாம். ஊதுபத்தியால ஒரு சுத்து பாத்துட்டு, 20 நிமிஷம் ஐடில்லயும் நடு ஆர்பிஎம்லயும் ஓட்டிட்டு நிறுத்தி, நல்லா ஆற விட்டு, ஆறின பிறகு நடுவுலேர்ந்து திரும்ப ஒரு தடவை அதே டார்க்குக்கு இறுக்குங்க. சூட்டோட இறுக்காதீங்க. அப்புறம் எட்டு பத்து மணி நேரம் உழவு ஓடின பிறகு இன்னொரு தடவை. புது பேக்கிங் அமுங்கறதால முதல் தடவை எல்லா நட்டும் கொஞ்சம் ஏறும், ரெண்டாவது தடவை ஏறினா மிஞ்சிப்போனா ஒரு நூல்தான் இருக்கும். அப்பவும் எதாவது ஒரு நட்டு மட்டும் கால் சுத்து, அரை சுத்துன்னு ஏறிக்கிட்டே போனா அது பேக்கிங் அமுங்கறது இல்ல, அந்த ஸ்டட்டோட மரையோ ஹெட் மரையோ இழுபடுது, மேல முறுக்காம அந்த ஒரு ஸ்டட்டை மட்டும் வெளிய எடுத்துப் பாருங்க.